முதலில் தண்ணீர், பிறகுதான் வைன்

என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று நுவரெலியாவில் சிலர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிவது உண்மைதான். விருந்தினரிடம் சத்தம் போட்டேன் என்பதும் உண்மை. அதற்குப் பிறகு நான் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். அழவும் இல்லை, கேட்கவும் இல்லை.

இந்த வருடம் முழங்கால் வலி பொறுக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் என்னைப் பற்றி எத்தனை கதைகள் உலவுகின்றன என்று தெரிந்தது. இப்போது வழிகாட்டிகளாக இருக்கும் பிள்ளைகள், "அக்கா, மெய்யா என்னதான் நடந்துச்சு?" என்று கேட்கிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள் நான். பள்ளிக்கூடம் முடிந்ததும் சில வருடம் கொழுந்து பறித்தேன். பிறகு நுவரெலியாவில், துரைமார் கட்டிய பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியவர்கள் படுக்கை விரிக்க ஆள் எடுத்தபோது போய்ச் சேர்ந்தேன். அறைகளைத் துடைத்துக்கொண்டே வெள்ளைக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலம் வந்தது. சிங்களம் ஏற்கெனவே வாயில் இருந்தது. பேசத் தெரிந்தவள் என்பதால் என்னைச் சுற்றுலாப் பிரிவுக்கு மாற்றினார்கள். படித்த கதை இவ்வளவுதான்.

அந்தப் பிரிவை நடத்தியவர் விக்கிரம சார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். குளிரில் நாங்கள் எல்லோரும் கம்பளிச் சட்டைக்குள் சுருண்டிருக்கும்போதும் மடிப்புக் கலையாத அரைக் காற்சட்டையோடு நிற்பார். கோபம் வந்தால் குரல் தாழும். மிகவும் கோபம் வந்தால் 'ப்ளீஸ்' என்று சேர்த்துக்கொள்வார். அவர் ப்ளீஸ் சொல்லிவிட்டால் வான் என்று நாங்கள் சொல்லும் வேனை ஓட்டுபவர்கள்கூட வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு நேராக நிற்பார்கள். என்னை 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் தங்கை.

எங்கள் ஹோட்டலின் பெயரெடுத்த பயணத்தை உண்டாக்கியவர் அவர். ஒரு குடும்பமோ நண்பர் கூட்டமோ வானை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். வேறு யாரும் ஏற மாட்டார்கள். காலையில் அருவிகள். மத்தியானத்துக்கு முன் தோணிப்பள்ளத்தில் குளியல். அது எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில், சிறிய அருவி ஒன்று விழுந்து தோணி வடிவில் தேங்கி நிற்கும் இடம். பின்னேரம் பங்களாவுக்குத் திரும்பி, முன் விறாந்தையில் உட்கார்ந்து வைன் சுவைப்பது. வெளிநாட்டுப் போத்தல்கள் நாலைந்து, பங்களாவிலேயே ஸ்ட்ரோபெரிப் பழத்தில் போட்டது ஒன்று.

"முதலில் தண்ணீர், பிறகுதான் வைன். இதை மாற்றுபவர் என் வானில் ஏற வேண்டாம்" என்று முதல் நாளே சொன்னார். எங்களுக்குச் சொன்னதல்ல அது. ஹோட்டல் முதலாளியை முன்னால் வைத்துக்கொண்டு, அவருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் நான் அவரிடம் வேலை பழக ஆசைப்பட்டேன்.

நீந்தக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. தோட்டத்தில் பெண் பிள்ளைகள் ஆற்றோரம் துணி துவைப்போம், குந்திக்கொண்டு வாளியில் அள்ளிக் குளிப்போம். ஆழத்துக்குப் போனதில்லை. உயிர்காக்கும் பயிற்சிக்கு ஆட்களை அனுப்பியபோது ஆண்களின் பெயர்களை மட்டும் கேட்டார்கள். "நானும் போறேன் சார்" என்றேன். "சுடிதாரோடு நீந்த முடியுமா, நங்கி?" என்றார். "முடியாட்டி நீங்க இழுத்துப் போடுங்க" என்றேன். சிரித்துவிட்டு என் பெயரையும் சேர்த்தார். போவதற்கு முன் தோணிப்பள்ளத்தில் அவரே நீந்தப் பழக்கினார். சுடிதாரோடுதான் நீந்தினேன். நனைந்த துணி காலைப் பிடித்து இழுக்க, இன்னொரு ஆளையும் கரைக்கு இழுத்து வந்தேன். திரும்பும்போது என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் பரீட்சையில் சித்தியடையவில்லை. நான் அடைந்தேன்.

தோணிப்பள்ளத்தில் அவர் வைத்த ஒழுங்கைச் சொல்ல வேண்டும். வான் நின்றதும் யாரும் இறங்கக் கூடாது. வழிகாட்டி மட்டும் முதலில் போக வேண்டும். அருவிக்கு வலப்பக்கத்தில் யானை முதுகு போல ஒரு பாறை இருக்கிறது. அதன் மேற்பக்கம் நனையாமல் இருந்தால்தான் குளிக்கலாம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் ஓர் இலையைப் போட்டு அது எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். மேலே மலையில் மழை என்றால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் பாலில்லாத சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். மாறினால் விசில். கரையிலிருக்கும், டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரத்தில் கயிற்றைக் கட்டி மறுநுனியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஆட்களை இறக்குவது. கணுக்கால் அளவில் நிற்க வைத்து, அவர்களோடு பேச்சுக் கொடுத்து, மூச்சைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தண்ணீர் சும்மா குளிராக இருக்காது. நெஞ்சைப் பிடிக்கும். திடீரென்று குதிப்பவருக்கு வாய் தானாகத் திறந்து தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மூச்சு சீரான பிறகே முழங்கால், அதன் பிறகு இடுப்பு. குடித்தவருக்கு இந்தக் குளிர் உறைக்காது. உடம்பு சூடாக இருப்பது போலவே தோன்றும், கை கால் மட்டும் சொன்னபடி கேட்காது. தண்ணீர் முதலில் என்பதற்குக் காரணம் அதுதான். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

வைன் பக்கமும் வேலைதான். கிளாசைத் தண்டில் பிடிப்பது, சாய்த்து நிறம் பார்ப்பது, முகர்வது, ஒரு வாய் எடுத்து நாக்கெல்லாம் பட விட்டு, பக்கத்துப் பாத்திரத்தில் துப்புவது. முதல் நாள் விக்கிரம சார் ஒரு வெள்ளை வைனை ஊற்றிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்றார். எனக்குப் பெரிய வார்த்தைகள் தெரியாது. "நெல்லிக்காய் கடிச்சிட்டு பச்சைத் தண்ணி குடிச்சா ஒரு இனிப்பு வருமே, அந்த மாதிரி இருக்கு சார்" என்றேன். அவர் இன்னொரு முறை வாயில் வைத்துப் பார்த்தார். "இதையே விருந்தினர்களுக்கும் சொல்லு" என்றார்.

அந்த விறாந்தை எனக்குப் பெரிய விஷயம். என் அம்மா அந்தப் பங்களாவின் பின்கட்டில் புல் வெட்டியவள். முன்வாசல் படியில் கால் வைத்ததில்லை. அதே படியில் ஏறி, நாற்காலியை இழுத்து, விருந்தினர்களைப் பார்த்து "உட்காருங்க" என்று நான் சொல்லும்போது குரலில் கொஞ்சம் திமிர் இருந்திருக்கும். இருக்கட்டும் என்றே விட்டுவிட்டேன்.

இந்த வைன் செய்தி லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது. மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்க ஈரப் புடவையோடு நிற்கிறேன். கோயில் கமிட்டித் தலைவர் என்னிடம் வந்தார். என் கணவர் சுந்தரத்துக்குப் பெரியப்பா. எனக்குப் பெரிய மாமா முறை.

"பரமேசு, இந்த வருசம் நீ குடம் தூக்க வேணாம்மா. சனங்க ஒரு மாதிரியா பேசுறாங்க."

"என்ன பேசுறாங்க மாமா?"

"பங்களாவுல நீ வெள்ளைக்காரங்களோட சேந்து குடிக்கிறியாம்."

"குடிக்கிறதில்ல மாமா. வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்புறேன். அதுக்குத்தான் சம்பளம்."

"துப்புனாலும், வாயில வச்சது வச்சதுதானே?"

பின்னால் காவடி எடுப்பவர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களில் யார் யார் எந்தச் சாக்கடைக் கானோரத்தில் விழுந்து கிடந்தவர்கள் என்று தோட்டத்துக்கே தெரியும்.

"சரி மாமா. நேத்து குடிச்சிருந்தவங்க ஒருத்தரும் காவடி எடுக்கக்கூடாதுன்னு மைக்ல சொல்லுங்க. சொன்ன ஒடனே நானும் குடத்தை விட்டுர்றேன்."

பெரிய மாமா வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த வருடம் காவடியே இருந்திருக்காது. அவர் மைக்கை நோக்கிப் போகவில்லை. சுந்தரம் அதிகம் பேசாத மனிதர். குடத்தை எடுத்து என் தலையில் வைத்தார். நான் நடந்தேன். அதற்குப் பிந்திய வருடங்களிலும் நடந்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. கல்யாணம் நிச்சயமான ஓர் இளைஞர், அவருடைய நண்பர்கள், அவருடைய அக்கா. பெரிய இடத்துப் பிள்ளை. ஹோட்டல் முதலாளிக்கு வேண்டப்பட்ட குடும்பம். பெயர் எதற்கு, மாப்பிள்ளை என்றே சொல்கிறேன். காலையில் மூடுபனி இறங்கி அருவிகள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. முதலாளி நேராகப் பங்களாவுக்கு அழைத்து, வைனையும் சாப்பாட்டையும் முன்னுக்குப் போடச் சொல்லிவிட்டார். நான் வந்தபோது மேசையில் கிளாஸ்கள் அடுக்கியாகிவிட்டன.

போத்தலைத் திறப்பதற்கு முன்பே நான் சொன்னேன். சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.

"சார், இப்ப கிளாசை எடுத்தா இன்னிக்குக் குளியல் இல்ல. அருவி பாக்கலாம், படம் எடுக்கலாம். தண்ணியில எறங்க முடியாது. எது வேணும்னு சொல்லுங்க."

"வைன்!" என்று எல்லோரும் கத்தினார்கள். மாப்பிள்ளை நெஞ்சில் கை வைத்து, "சத்தியமாக" என்றார். நான் ஊற்றினேன். துப்புகிற பாத்திரத்தை ஒருவரும் தொடவில்லை.

சாப்பிட்டு முடிய மூடுபனி விலகி வெயில் வந்தது. தோணிப்பள்ளத்தைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றார்கள். எங்கள் வானை ஓட்டியவர் ஹட்டன் ரபீக் நானா. நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பாக்கத்தானே, போவோம் நானா" என்றேன்.

வான் நின்றதும் சட்டைகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை கையில் வைன் கிளாசோடு இறங்கினார். பள்ளத்துக்குப் போக ஒரே வழிதான். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓராள் போகும் இடைவெளி. நான் முன்னால் ஓடிப்போய் அந்த இடைவெளியில் நின்றேன்.

"விலகு" என்றார்.

"இல்ல சார். காலையிலயே சொன்னேன்."

"எனக்கு நீச்சல் தெரியும். பள்ளிக்கூடத்தில் வெற்றிக் கிண்ணம் வாங்கியவன்."

"சந்தோசம் சார். நாளைக்குக் காலையில வாங்க. நானே கூட்டிட்டு வர்றேன். இன்னிக்கு இல்ல."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். முதலாளியிடம் பேசினார். கொஞ்ச நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. விக்கிரம சார்.

"நங்கி, என்ன நடக்கிறது?"

சொன்னேன். 

"தண்ணீர் எப்படி?"

"பாறை நனையல சார். தெளிவாத்தான் இருக்கு."

"அப்படியானால் விடு. ஓரமாக, இடுப்பளவு. கயிற்றைப் பிடித்துக்கொள். சீக்கிரம் ஏற்றிவிடு."

"எல்லாரும் குடிச்சிருக்காங்க சார்."

"தெரியும்."

"நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்போதும் நான்தான் சொல்கிறேன். விடு, ப்ளீஸ்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் நான் அசையாமல் நிற்பது வழக்கம். அன்றைக்கும் அசையாமல்தான் நின்றேன், இடம் மட்டும் வேறு.

"சார், நீங்க இங்க வாங்க. இவங்க மூஞ்சியப் பாருங்க. பாத்துட்டு உங்க வாயால எறங்குங்கன்னு சொல்லுங்க. நான் ஒதுங்கிர்றேன். நீங்க வராம நான் விட மாட்டேன்."

"இது உத்தரவு, நங்கி."

"முடியாது சார்" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

மாப்பிள்ளைக்கு என் முகத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. நண்பர்கள் பின்னால் நின்று விசிலடித்தார்கள். ஒருவர், "தோட்டத்துப் பெண்பிள்ளையிடம் அனுமதி கேட்கிறாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குக் கேட்கட்டும் என்றே கேட்டார். அப்போதுதான் என் சத்தம் உயர்ந்தது.

"ஆமா, தோட்டத்துப் பொம்பளைதான்! இது எங்க தோட்டத்துத் தண்ணி. இங்கருந்து ஒரு பொணத்தை நான் தூக்கிட்டு வரமாட்டேன். எறங்கணும்னா என்னையத் தள்ளிட்டு எறங்குங்க. தள்ளுங்க பாப்போம்!"

தமிழில்தான் கத்தினேன். அவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் விசிலடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை ஓர் அடி முன்னால் வந்தார். அவருடைய மூச்சு என் முகத்தில் பட்டது. எனக்குப் பின்னால் தண்ணீர். முன்னால் அவர். அவர் கை என் தோளுக்கு உயர்ந்தது. வானருகே நின்ற ரபீக் நானா நிதானமாக நடந்து வந்து என் பக்கத்தில், பாறை மேல் ஏறி நின்றார்.

"மஹத்தயா, கையைக் கீழ போடுங்க" என்றார், ஐயா என்கிற மரியாதை குறையாமல். அவ்வளவுதான். நானா வயதானவர், தாடி நரைத்தவர். அவரைத் தள்ளிவிட அந்த இளைஞருக்கு மனம் வரவில்லை போலும்.

அக்கா அதுவரை வானுக்குள் இருந்தார். இறங்கி வந்து, "மல்லி, போதும். போவோம்" என்றார். மல்லி என்றால் தம்பி. அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த கிளாசை என் தலைக்கு மேலாக வீசினார். அது அருவிப் பாறையில் பட்டு நொறுங்கிப் பள்ளத்தில் விழுந்தது. பிறகு திரும்பி நடந்தார். எல்லோரும் ஏறினார்கள். 

அவர்களைப் பங்களாவில் இறக்கிவிட்டு நானும் நானாவும் திரும்பி வந்தோம். மலையில் வேலை முடிந்தால் எங்கள் லயத்துப் பெண்கள் குளிக்க வருவது அந்த இடத்துக்குத்தான். செருப்பில்லாத கால்கள். முழங்கால் தண்ணீரில் குனிந்து, கற்களுக்கு இடையில் கண்ணாடித் துண்டுகளைத் தடவித் தடவிப் பொறுக்கினேன். விரல்கள் மரத்துப்போய், வெட்டுப்பட்டதுகூடத் தெரியவில்லை. தண்ணீரில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. நானா கரையில் நின்று சூரிய வெளிச்சம் எங்கே மினுங்குகிறது என்று பார்த்துச் சொன்னார். "அந்தா, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல தங்கச்சி. இன்னும் ஒண்ணு." பெண்கள் வந்து சேரும்வரை பொறுக்கினோம். விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தார்கள். பொறுக்கும்போது மாப்பிள்ளையின் பரம்பரையையே ஏசினார்கள். எனக்கு அது இதமாக இருந்தது.

அன்று மழை பெய்யவில்லை. தண்ணீர் நிறம் மாறவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை.

அதுதான் மறுநாள் எனக்கு எதிராக நின்றது. விக்கிரம சார் தன் மேசைக்குப் பின்னால் இருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"அவர்கள் காலைச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்கள். போய் மன்னிப்புக் கேள். இதோடு முடிந்துவிடும்."

"எதுக்கு சார்?"

"நடந்ததற்கு."

"சத்தம் போட்டது தப்புன்னா, அதுக்குக் கேக்குறேன். நிப்பாட்டுனதுக்குக் கேக்க மாட்டேன்."

"அவர்களுக்கு வேண்டியது அதுதான்." குரல் தாழ்ந்தது. "நங்கி, யோசித்துப் பார். தண்ணீர் நன்றாக இருந்தது. இறங்கியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. நடந்திருக்கும் என்பதற்கு உன்னிடம் என்ன சாட்சி இருக்கிறது?"

"ஒண்ணும் இல்ல சார். அந்தச் சாட்சி எனக்கு வேணாம். அது கெடைச்சிருந்தா நாம ரெண்டு பேரும் இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நிப்போம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  அந்த மனிதரின் முதுகு வளைந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நான்" என்றார்.

"அதனாலதான் சார் விடல."

ஹோட்டல் பெயர் பின்னிய மேற்சட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். வைக்கச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்காவிட்டால் அதுதான் என்று எனக்குத் தெரியும். முன்வாசல் வழியாகத்தான் வெளியே போனேன். விறாந்தையில் அந்தக் கூட்டம் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அவர்தான் முதலில் தட்டைப் பார்த்தார்.

விக்கிரம சார் பிறகு என்னோடு பேசியதில்லை. நானும் தேடிப் போகவில்லை. அவர் எனக்குக் கொடுத்தது பெரிது. அன்று செய்ததும் சின்ன விஷயமல்ல. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க எனக்கு விருப்பமில்லை.

வீட்டில் சில மாதம் கஷ்டம்தான். தோட்டத்தில் பழையபடி, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், பறித்த எடைக்குத் தரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தேன். "வைன் அம்மா வந்துட்டாங்க" என்று கேலி செய்தார்கள். "ஆமா, நாக்கு செத்துப் போச்சு, தேத்தண்ணியாச்சும் நல்லாப் போடுங்க" என்றேன். பிறகு ரபீக் நானாவும் அங்கிருந்து விலகி, மகனோடு சேர்ந்து ஒரு பழைய வானை வாங்கினார். ஒருநாள் லயத்து வாசலில் வந்து ஹோர்ன் அடித்தார்.

"தங்கச்சி, சும்மாதானே இருக்கீங்க? வண்டி இருக்கு, ஆள் இல்ல. ஏறுங்க."

ஏறினேன். அதே பயணத்தை நாங்களே நடத்தினோம். அருவி, குளியல், பின்னேரம் வைன். பங்களாவுக்குப் பதிலாக, பட்டிப்பொல பக்கம் சொந்த வீட்டில் பழ வைன் போடும் ஒரு சிங்களத் தம்பதியரின் முற்றம். ஏறும்போதே ஒழுங்கைச் சொல்லிவிடுவேன். பிடிக்காதவர்கள் இறங்கிப் போனார்கள். நிறையப் பேர் போனார்கள். சிலர் இணையத்தில் எங்களைத் திட்டி எழுதினார்கள். நானா பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான், பேரைச் சரியாப் போட்டிருக்கான்" என்பார். முழங்கால் பாறையில் ஏற மறுக்கும்வரை அந்த வானில்தான் என் வேலை.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது போன மாதம் நடந்த ஒரு விஷயம். பழைய ஹோட்டலுக்குப் புதிய முகாமையாளர் வந்திருக்கிறார். ஷெஹான் என்று பெயர், சின்ன வயது. காலையில் மூடுபனி, பின்னேர வெயிலில்தான் அருவிப் படங்கள் நன்றாக வருகின்றன என்று பயணத்தையே தலைகீழாக மாற்றிவிட்டார். காலையில் வைன், அதன் பிறகு தண்ணீர். அங்கே வேலை செய்யும் வழிகாட்டிப் பெண்களில் திலுக்ஷி என்பவள் வீட்டுக்கு வந்தாள். வலப்பனை ஊர்ப் பிள்ளை. கதவருகே நின்றபடியே பேசினாள்.

"அக்கா, நாங்க நாலு பேரும் பேசிட்டோம். நாளைக்கு நான் போய் முடியாதுன்னு சொல்லப் போறேன். எனக்கு அறிவுரை ஒண்ணும் வேணாம். பக்கத்துல வந்து உக்காருங்க, அது போதும்."

"வேலை போயிரும் புள்ள. எனக்குப் போச்சு."

"தெரியும்க்கா. அதான் தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

மறுநாள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவளோடு போனேன். ஷெஹான் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவங்க யார்?"

"பரமேஸ்வரி. இங்க வழிகாட்டியா இருந்தேன்" என்றேன்.

பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. கதைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. "நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்களே, அம்மா. உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்றார்.

"அதுக்குத்தான் தம்பி வந்தேன். என்னைய வேலைய விட்டு நிப்பாட்ட முடியாது பாருங்க."

திலுக்ஷி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.  ஒன்றும் நடக்காது, இதுவரை நடக்கவில்லையே என்றார் ஷெஹான். திலுக்ஷி அவரைப் பேசி முடிக்க விட்டாள். பிறகு சத்தமே போடாமல் சொன்னாள். எனக்கு வராத நிதானம் அது.

"சார், நாளைக்கு எங்க நாலு வானும் தண்ணிக்குத்தான் மொதல்ல போகும். மேசையைப் பின்னேரத்துக்குப் போடச் சொல்லுங்க. இல்லாட்டி எங்களுக்குப் பதிலா நாலு பேரை இப்பவே தேடுங்க."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். மேசையைப் பற்றிப் பேசவா, வேறு நாலு பேரைத் தேடவா என்று கேட்டுக்கொண்டு நாங்கள் நிற்கவில்லை.

மறுநாள் காலை சுந்தரம் ரோட்டோரக் கடைக்குப் போய்விட்டு வந்தார். ஹோட்டல் வான்கள் நாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோணிப்பள்ளத்துப் பக்கம் திரும்பியதைப் பார்த்ததாகச் சொன்னார். இன்றுவரை அப்படித்தான் போகின்றன. அடுத்த மாதம் இன்னொரு முகாமையாளர் வந்து மறுபடியும் மாற்றலாம். மாற்றட்டும். எனக்கு வேலை ஒன்றும் இல்லை, கூப்பிட்டால் மறுபடியும் போய் உட்காருவேன்.